குழந்தைகளின் சமூகப் பதற்றம்: என்னென்ன சிகிச்சை, எங்கே தொடங்குவது, எப்படித் தொடர்வது?

காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே நிறைந்து திரும்பி வந்தால், பல வீடுகளில் பிள்ளைக்குத் திட்டு விழும். ஆனால் சில பிள்ளைகள் தெரிந்தேதான் குடிக்காமல் இருக்கிறார்கள். குடித்தால் பாத்ரூம் போக வேண்டியிருக்கும். அதற்கு வகுப்பு நடுவே எழுந்து டீச்சரிடம் கேட்க வேண்டும். கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அரை நிமிடத்துக்குப் பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் "கூச்ச சுபாவம், வளர்ந்தா சரியாயிடும்" என்று சொல்லிக் கடந்துபோவது நியாயமில்லை. இதற்குச் சிகிச்சை இருக்கிறது. நன்றாகப் பலன் தரும் சிகிச்சையும்கூட. யாரிடம் போவது, என்ன கேட்பது, வீட்டில் எதை மாற்றுவது என்பதெல்லாம் தெரியாமல்தான் பெரும்பாலான பெற்றோர் வருடங்களை இழக்கிறார்கள்.

முதல் படி: கூச்சமா, பதற்றமா?

கூச்சமுள்ள குழந்தை புதிய இடத்தில் முதலில் ஒதுங்கி நிற்கும், கொஞ்ச நேரத்தில் கலந்துவிடும். சமூகப் பதற்றம் உள்ள குழந்தைக்கு அந்தக் கொஞ்ச நேரம் முடிவதே இல்லை. மற்றவர்கள் தன்னைக் கவனிக்கிறார்கள், தப்பாக நினைப்பார்கள், சிரிப்பார்கள் என்ற பயம் முன்கூட்டியே வந்துவிடும். திங்கட்கிழமை வாசிக்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையே வயிற்று வலி தொடங்கிவிடும்.

மருத்துவர்கள் முக்கியமாக மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். பயம் ஆறு மாதமாவது தொடர்ந்து இருக்கிறதா? பெரியவர்களிடம் மட்டுமில்லாமல் சம வயதுப் பிள்ளைகளிடமும் இருக்கிறதா? படிப்பு, நட்பு, சாப்பாடு என்று அன்றாடத்தில் ஏதாவது கெடுகிறதா? இரண்டாவது கேள்வியைப் பலர் யோசிப்பதில்லை. மாமாவைப் பார்த்தால் ஒளிந்துகொள்ளும் பெண், தெருவில் தோழிகளோடு கூச்சல் போட்டு விளையாடினால் பெரும்பாலும் அது வெறும் கூச்சம்தான்.

சின்னக் குழந்தைகள் "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்ல மாட்டார்கள். அழுவார்கள், அடம்பிடிப்பார்கள், காலைக் கட்டிக்கொள்வார்கள், உறைந்து நிற்பார்கள். அதைத் திமிர் என்றும் பிடிவாதம் என்றும் எடுத்துக்கொள்ளும் வீடுகள் நிறைய. இந்தப் பிரச்சினை பெரும்பாலும் 8 முதல் 15 வயதுக்குள் தலைகாட்டுகிறது. ஆறாம் வகுப்பில் பள்ளி மாறும்போது திடீரென்று வெளியே தெரிவதும் உண்டு.

வீட்டில் வாயாடியாக இருந்துவிட்டு, பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசாத குழந்தைகள் தனி வகை. இதை செலக்டிவ் மியூட்டிசம் என்பார்கள். 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதையும் பதற்றக் கோளாறுகளில் ஒன்றாகவே வகைப்படுத்துகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். எல்.கே.ஜி. சேர்ந்த முதல் மாதம் பேசாமல் இருப்பது சகஜம். அதன் பிறகும் மாதக் கணக்கில் நீடித்தால் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாம் படி: வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்

காது சரியாகக் கேட்காத குழந்தையும் பேசத் தயங்கும். திக்குவாய், ஆட்டிசம், எழுத்துக் கூட்டி வாசிப்பதில் சிரமம் ஆகியவையும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி தெரியலாம். முக்கியமாக ஒன்று: வகுப்பில் யாராவது கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா, வேறு ஏதாவது நடந்திருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். நேற்று வரை கலகலப்பாக இருந்த குழந்தை இன்று ஒடுங்கிப்போனால் முதலில் தேட வேண்டியது நடந்த சம்பவத்தை. அங்கே பயம் நியாயமானது. சரிசெய்ய வேண்டியது சூழ்நிலையை, குழந்தையை அல்ல.

மூன்றாம் படி: யாரிடம் போவது?

சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிந்து தேவைப்பட்டால் மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். பேச்சும் பயிற்சியுமாகச் சிகிச்சை தருவார். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (RCI) பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. "கவுன்சலர்" என்று பலகை வைக்க மட்டும் யாராலும் முடிகிறது என்பதால் கேட்டுவிடுவது நல்லது.

தனியார் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் அதோடு நின்றுவிட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மருத்துவரைப் பார்க்கலாம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல நிலையம் இருக்கிறது. சிக்கலான நிலை என்றால் வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிமான்ஸ் இரண்டிலும் குழந்தைகளுக்கென்றே தனி மனநலப் பிரிவு உண்டு. எங்கே தொடங்குவதென்றே புரியவில்லையா? 14416-க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இலவசம், தமிழிலும் பேசலாம். பள்ளி சார்ந்த சிக்கலுக்குத் தமிழக அரசின் 14417 எண்ணும் இருக்கிறது.

முதல் சந்திப்பில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில் என் பிள்ளை என்ன பயிற்சி செய்யணும்? அதில் எங்க பங்கு என்ன?" இதற்குத் தெளிவான பதில் சொல்பவரிடம் தொடருங்கள். "வாரா வாரம் கூட்டிட்டு வாங்க, நான் பேசிப் பார்க்கிறேன்" என்பதோடு முடித்துக்கொண்டால் வேறு ஒருவரையும் பார்ப்பது நல்லது. இதை அழுத்தியே சொல்கிறேன். சமூகப் பதற்றம் அறைக்குள் பேசுவதால் மட்டும் குறைவதில்லை. பயப்படும் காரியத்தைச் சிறிது சிறிதாகச் செய்து பார்ப்பதால்தான் குறைகிறது.

நான்காம் படி: சிகிச்சைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

*சிந்தனை–நடத்தைச் சிகிச்சை*

சி.பி.டி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முதலில் முயல வேண்டியதும் இதுவே. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சமூகப் பதற்றம் உள்ள குழந்தைகளுக்குத் தனியாகவோ குழுவாகவோ இந்தச் சிகிச்சையைத் தரச் சொல்கிறது. மருந்தை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் பிலிப் கெண்டல் உருவாக்கிய 'கோப்பிங் கேட்' திட்டம் 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கானது, 16 அமர்வுகள் கொண்டது. பாதித் திட்டம் கற்றுக்கொள்வதற்கு, மறுபாதி நேரில் செய்து பார்ப்பதற்கு.

கற்றுக்கொள்ளும் பகுதியில் குழந்தை தன் உடம்பைக் கவனிக்கப் பழகும்: நெஞ்சு படபடக்கிறது, கை வேர்க்கிறது, இது பயம் செய்யும் வேலை, ஆபத்தில்லை. பிறகு மனசுக்குள் ஓடும் வாக்கியத்தைப் பிடிக்கும்: "நான் தப்பாச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க." அதை உடனே மறுக்கக் கூடாது. அதை ஒரு கணிப்பாக எழுதிவைத்துவிட்டு, செய்து பார்த்த பிறகு என்ன நடந்தது என்று ஒப்பிட வேண்டும். இரண்டு பேர் சிரித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு என்ன ஆச்சு? மணி அடித்தது, எல்லோரும் சாப்பிடப் போனார்கள். சிரித்தாலும் தாங்க முடியும் என்று குழந்தை தானாகக் கண்டுகொள்வது, "யாரும் சிரிக்க மாட்டாங்க கண்ணு" என்று நாம் நூறு தடவை சொல்வதைவிட வலுவானது.

இரண்டாம் பகுதிதான் உயிர்நாடி: பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்வது. தொடக்கத்தில் பார்த்த, பாத்ரூமுக்குக் கேட்க முடியாத குழந்தையையே எடுத்துக்கொள்வோம். தெரபிஸ்டும் குழந்தையும் சேர்ந்து, பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு இப்படி ஒரு படி வரிசை எழுதலாம்:

வீட்டில் அம்மாவை டீச்சராக வைத்து "மிஸ், பாத்ரூம் போகட்டுமா?" என்று சொல்லிப் பார்ப்பது: 1.
பள்ளி விட்ட பிறகு காலி வகுப்பறையில் அம்மா பக்கத்தில் நிற்க, டீச்சரிடம் சொல்வது: 3.
இடைவேளையில் டீச்சரின் மேஜைக்குப் போய் ஒரு அட்டையைக் காட்டிக் கேட்பது: 4.
அதே இடத்தில் அட்டை இல்லாமல் மெதுவான குரலில் கேட்பது: 6.
வகுப்பு நடக்கும்போது மேஜைக்குப் போய்க் கேட்பது: 7.
தன் இடத்தில் இருந்தே கையைத் தூக்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்பது: 9.

வரிசையைக் குழந்தைதான் முடிவு செய்யும். நமக்குச் சின்னதாகத் தெரிவது அதற்கு 9 ஆக இருக்கலாம். ஒவ்வொரு படியையும் ஒரு தடவை செய்துவிட்டுத் தாவக் கூடாது. "இது சப்பை" என்று குழந்தையே சொல்லும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முடியவில்லை என்றால் அது தோல்வி இல்லை. அந்தப் படி பெரிதாக இருக்கிறது, நடுவில் இன்னொன்று போட வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது அரைகுறையாக ஓடிவர விடுவதை மட்டும் முடிந்தவரை தவிர்க்கப் பாருங்கள். அப்படி ஓடிவந்தால், தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மனசு நம்பிவிடும்.

நல்ல தெரபிஸ்ட் இன்னொன்றையும் கவனிப்பார். தலையைக் குனிந்துகொண்டே பேசுவது, முடியால் முகத்தை மறைப்பது, அம்மா காதில் முணுமுணுத்து அம்மா வழியாகச் சொல்வது, விருந்தில் போனையே பார்த்துக்கொண்டிருப்பது எல்லாம் பயத்திலிருந்து ஒளிந்துகொள்ளும் வழிகள். இவற்றோடு செய்த பயிற்சி முழுசாகப் பலன் தராது. அதனால் மேலே போகப் போக இவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்.

ஏழு வயதுக்குக் கீழே எண்ணங்களை அலசும் பகுதியைக் குறைத்துவிட்டு, விளையாட்டாகப் படிகளைச் செய்வார்கள். பெற்றோரின் பங்கு அதிகமாகும்.

*குழுப் பயிற்சி*

சில பிள்ளைகள் பல வருடம் ஒதுங்கியே இருந்ததால், பேச்சை எப்படித் தொடங்குவது, விளையாட்டில் எப்படிச் சேர்வது என்று பழகியிருக்கவே மாட்டார்கள். அவர்களுக்காக டெபோரா பைடல், சாமுவேல் டர்னர் இருவரும் 12 வாரத் திட்டம் ஒன்றை உருவாக்கினார்கள். குழுவாகப் பழகும் திறன் பயிற்சி, அதோடு தனியாக எதிர்கொள்ளும் பயிற்சி. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, ஒவ்வொரு குழு அமர்வுக்குப் பிறகும் பதற்றமில்லாத சம வயதுப் பிள்ளைகளோடு வெளியே போய் விளையாட வைப்பது. 2000-இல் வெளியான அவர்களது ஆய்வில், பயிற்சி முடித்தவர்களில் 67 சதவீதம் பேருக்கு அந்த நோய் நிலையே இல்லாமல் போயிருந்தது. இந்தப் பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழுவில் அது 5 சதவீதம்.

நம் ஊரில் இப்படிப்பட்ட குழுக்கள் குறைவு. ஒரு அத்தை மகனையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ வைத்து தெரபிஸ்டின் யோசனைப்படி சின்னதாக நீங்களே செய்யலாம். ஒரே ஒரு பிள்ளை, ஒரு மணி நேரம், முன்பே முடிவு செய்த ஒரு விளையாட்டு. பத்துப் பேர் வரும் பிறந்தநாள் விழா அப்புறம்.

மேடைப் பேச்சு வகுப்பில் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. லேசான கூச்சத்துக்கு அது உதவலாம். சமூகப் பதற்றம் உள்ள குழந்தையை முதல் நாளே மைக் முன் நிறுத்துவது 10 மதிப்பெண் படியில் தூக்கி வைப்பது. அது சிகிச்சை ஆகாது.

*பெற்றோர் வழியாகச் சிகிச்சை*

குழந்தை தெரபிஸ்டிடம் வரவே மறுக்கிறதா? அப்போதும் வழி இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய 'ஸ்பேஸ்' முறையில் குழந்தை அமர்வுக்கு வருவதே இல்லை. பெற்றோர் மட்டும் 12 அமர்வுகள் போகிறார்கள். 7 முதல் 14 வயதுக்குட்பட்ட 124 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், குழந்தைக்கு நேரடியாகத் தந்த சி.பி.டி.க்கு இது குறைந்ததில்லை என்று தெரிந்தது.

அடிப்படை இதுதான். பதற்றமுள்ள குழந்தைக்காகக் குடும்பமே வளைந்துகொடுத்திருக்கும். "பேர் என்னம்மா?" என்று கேட்டால் அம்மா பதில் சொல்வார். ஹோட்டலில் அப்பா ஆர்டர் செய்வார். கல்யாண வீட்டுக்குப் போவதையே நிறுத்தியிருப்பார்கள். எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் "உன்னால் முடியாது" என்பதும் அதோடு சேர்ந்து குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. இந்த முறையில் அவற்றைப் பட்டியல் போட்டு, ஒன்றை மட்டும் எடுத்து, முன்கூட்டியே நிதானமாகச் சொல்வார்கள்: "கடையில பேசறது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு எங்களுக்குப் புரியுது. உன்னால சமாளிக்க முடியும்னும் தெரியும். இனிமே ஐஸ்கிரீம் கடையில உனக்காக நாங்க கேட்க மாட்டோம்." முதல் சில நாள் அழுகையும் கோபமும் இருக்கும். ஐஸ்கிரீம் கிடைக்காமலும் போகலாம். திட்டாமல், விட்டுக்கொடுக்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும்.

தாத்தா பாட்டியோடு இருக்கும் வீட்டில் அவர்களிடமும் முன்பே பேசிவிடுங்கள். அம்மா ஒரு பக்கம் காத்திருக்க, பாட்டி வந்து "பச்சப் புள்ளய ஏன் வதைக்கிற" என்று வாங்கிக் கொடுத்தால் எல்லாம் முதலிலிருந்துதான். இதே வேகத்தில் "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு" என்று எல்லோர் முன்னாலும் தள்ளிவிடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

*விளையாட்டுச் சிகிச்சை, ஓவியம், மூச்சுப் பயிற்சி*

குழந்தை தெரபிஸ்டோடு ஒட்டிக்கொள்ள விளையாட்டும் ஓவியமும் உதவும். மூச்சுப் பயிற்சி உடம்பை நிதானப்படுத்தும். துணையாக வைத்துக்கொள்ளலாம், இவை மட்டுமே போதும் என்று மாதக் கணக்கில் ஓட்டக் கூடாது.

*மருந்து*

மருந்து என்றாலே பதறும் பெற்றோரும் உண்டு, மாத்திரை ஒன்றைக் கொடுத்து முடித்துவிடத் துடிப்பவர்களும் உண்டு. 2008-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றைப் பார்ப்போம். சமூகப் பதற்றம் உட்பட பதற்றக் கோளாறுகள் இருந்த 7 முதல் 17 வயது வரையிலான 488 பேர் அதில் இருந்தார்கள். 12 வாரத்தில் நன்றாக முன்னேறியவர்கள்: சி.பி.டி.யும் செர்ட்ரலின் என்ற பதற்றம் குறைக்கும் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் ஏறக்குறைய 81 சதவீதம், சி.பி.டி. மட்டும் 60, மருந்து மட்டும் 55, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை 24. அதாவது தெரபி மட்டுமே பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. கடுமையான நிலையில் இரண்டையும் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பள்ளிக்குப் போவதே நின்றுவிட்டது, கூடவே மனச்சோர்வு இருக்கிறது, ஒழுங்காகத் தெரபி செய்தும் நகரவில்லை என்ற நிலைகளில் சைக்கியாட்ரிஸ்ட் மருந்தை யோசிப்பார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். செர்ட்ரலின் போன்ற மருந்துகளால் சிறு வயதினர் சிலருக்குத் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம் என்று 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் அது சுமார் 4 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம். அந்த ஆய்வுகளில் உயிரிழப்பு இல்லை. எனவே தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் தூக்கம், எரிச்சல், பரபரப்பு, பேச்சு எல்லாவற்றையும் உன்னிப்பாகக் கவனியுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் போடும் தூக்க மாத்திரையையோ பதற்ற மாத்திரையையோ தேர்வு நாளுக்கென்று பாதி உடைத்துக் கொடுக்கவே கூடாது.

ஐந்தாம் படி: பள்ளியைக் கூட்டாளி ஆக்குங்கள்

வகுப்பு ஆசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள். நாலு பேர் நிற்கும் பெற்றோர் கூட்டத்தில் வேண்டாம், குழந்தை பக்கத்தில் இருக்கும்போதும் வேண்டாம். கேட்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான்: திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்காமல் "நாளைக்கு இரண்டாவது கேள்வி உனக்கு" என்று முன்பே சொல்வது, வாசிப்புத் தேர்வை முதலில் தனியாக வைப்பது, மென்மையான ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைப்பது. இவை நிரந்தரச் சலுகை அல்ல, படிகள் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு பருவத்துக்கு ஒரு தடவை பார்த்து ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். "ஊமை" போன்ற பட்டப்பெயர் வகுப்பில் புழங்கினால் அதை ஆசிரியர் உடனே நிறுத்தியாக வேண்டும்.

செலக்டிவ் மியூட்டிசத்துக்குப் பள்ளிதான் சிகிச்சை அறை. காலி வகுப்பறையில் அம்மாவும் குழந்தையும் பல்லாங்குழியோ சீட்டுக்கட்டோ விளையாடுவார்கள். குழந்தை வழக்கம்போலப் பேசும். ஆசிரியர் முதலில் கதவுக்கு வெளியே, பிறகு வாசலில், பிறகு அறையின் மூலையில் நோட்டுத் திருத்திக்கொண்டு, எதையும் கேட்காமல் இருப்பார். பேச்சு நிற்காமல் தொடர்ந்தால் இன்னும் கொஞ்சம் பக்கத்தில். கடைசியில் விளையாட்டில் சேர்ந்துகொள்வார், அப்புறம் அம்மா மெதுவாக விலகுவார். கேள்வி கேட்கும்போது தலையாட்டிப் பதில் சொல்லும்படி கேட்காமல் "சிவப்பா, நீலமா?" என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை பொறுக்க வேண்டும். நம்மில் பலர் இரண்டு எண்ணுவதற்குள் நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம். பேசிவிட்டால் "அய்யோ பேசிட்டியே!" என்று ஆர்ப்பாட்டம் செய்யாதீர்கள். இந்தக் குழந்தைகளுக்கு எல்லோர் முன்னும் கிடைக்கும் பாராட்டும் ஒரு பாரம்தான். "சரி, நீலம்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டு விளையாட்டைத் தொடருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, "மிஸ் கேட்டதுக்கு நீயே நிறம் சொன்னே, கேட்டுச்சு" என்று தனியாகச் சொல்லலாம்.

ஆறாம் படி: நகர்கிறதா என்று பாருங்கள்

எட்டு முதல் பன்னிரண்டு அமர்வுகளுக்குள் ஏதாவது மாறியிருக்க வேண்டும். "பயம் போயிடுச்சா?" என்று குழந்தையைக் கேட்டு அளக்காதீர்கள்; பயம் இருக்கும்போதே செய்கிறதா என்று பாருங்கள். போன மாதம் செய்யாத எதை இந்த மாதம் செய்கிறது? மதியச் சாப்பாட்டை யாரோடு சாப்பிட்டது? பாட்டில் எவ்வளவு காலியாகி வருகிறது? ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தால் தெரபிஸ்டுக்கும் உதவும். படிகளே போடப்படவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். திருப்தியான பதில் இல்லையென்றால் ஆளை மாற்றுங்கள். அதற்காகச் சிகிச்சையே பலிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

கோடை விடுமுறைக்குப் பின், பள்ளி மாறிய பின், நீண்ட காய்ச்சலுக்குப் பின் பயம் திரும்ப எட்டிப்பார்க்கும். பழைய நோட்டை எடுத்து, இரண்டு மூன்று படி கீழே இறங்கித் தொடங்கினால் முதல் தடவையைவிடச் சீக்கிரம் ஏறிவிடலாம். விடுமுறையின் கடைசி வாரத்திலேயே ஒரு நாள் பள்ளி வளாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்துவிடுங்கள்.

"செத்துப்போயிடலாம் போல இருக்கு" என்று குழந்தை சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டாலோ இந்தப் படிகள் எதற்கும் காத்திருக்க வேண்டாம். சும்மா மிரட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். தனியாக விடாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ அவசரப் பிரிவுக்கோ அழைத்துப் போங்கள். போகும் வழியிலேயே 14416-இல் பேசலாம். யாராவது குழந்தையைத் துன்புறுத்துவது தெரியவந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.